லாட்ஜ் அறை மோசமாக இருந்தால்: பையை வைப்பதற்கு முன்பிருந்து பணம் திரும்பும் வரை

சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யாராவது ஊருக்குப் போய் அழுக்கு அறையில் மாட்டிக்கொண்டால், மறுநாள் காலை போன் எனக்குத்தான் வரும். கேட்பது எல்லாமே ஒன்றுதான்: "பணத்த திரும்ப வாங்க முடியுமா?" பெரும்பாலும் அதற்குள் இரவு முழுக்க அங்கேயே தூங்கி எழுந்து, குளித்து, பில்லையும் கட்டி முடித்திருப்பார்கள். கையில் படம் இருக்காது, எழுத்தில் ஒரு வரி இருக்காது. பணம் திரும்புவதும் திரும்பாததும் அறைக்குள் நுழைந்த முதல் கால்மணி நேரத்தில்தான் முடிவாகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

புக்கிங் உறுதியானதும் வவுச்சரை பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். அந்த லாட்ஜின் பக்கத்தில் போட்டிருக்கும் அறைப் படங்கள், "24 மணி நேர வெந்நீர்", "தினமும் ஹவுஸ்கீப்பிங்" போன்ற வரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தகராறு வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அந்தப் பக்கம் மாறியிருக்கலாம். என்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதைக் காட்டினால்தான் என்ன தரவில்லை என்பது நிற்கும்.

விமர்சனங்களை "புதியவை முதலில்" என்று மாற்றிப் படியுங்கள். சராசரி மதிப்பெண் பல வருடக் கதை. பராமரிப்பு கைமாறிய லாட்ஜ் ஒரே சீசனில் கெட்டுப்போகும். விடுதி போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களை, குறிப்பாகக் குளியலறைப் படங்களைப் பாருங்கள்.

பணம் கட்டும் வழியும் இங்கேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம். "ஹோட்டலில் செலுத்தலாம்" என்ற வசதி இருந்தால், நூறு இருநூறு கூடுதலானாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். பணம் நம் பையில் இருக்கும்வரை பேச்சில் நம் கை ஓங்கியிருக்கும். முன்பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டு நல்லது. ஏன் என்று 8-ஆம் பகுதியில் சொல்கிறேன். ஹோம்ஸ்டேக்காரர் யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால், "இது எந்த அறைக்கு, எந்தத் தேதிக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "ஓகே" போட்ட பிறகு அனுப்புங்கள்.

பையில் ஒரு பழைய பெட்ஷீட், ஒரு துண்டு, சின்ன டார்ச். அவ்வளவு போதும்.

2. ஆதார், அட்வான்ஸ், ரிஜிஸ்டர் எல்லாம் அறையைப் பார்த்த பிறகு

ரிசப்ஷனில் போய் நின்றதும் ஆதாரைக் கேட்பார்கள், ரிஜிஸ்டரை நீட்டுவார்கள். "ரூமை ஒரு தடவை பாத்துட்டு வந்து எழுதிடறேங்க" என்று சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒழுங்கான லாட்ஜில் பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில்.

குடும்பமாகப் போனால் ஒருவர் மட்டும் மேலே போங்கள். மற்றவர்கள் பைகளோடு கீழேயே இருக்கட்டும். குழந்தை கட்டிலில் ஏறிக் குதித்து, அம்மா குளியலறைக்குள் போய்விட்டால், அப்புறம் "அறையைப் பயன்படுத்தவில்லை" என்று சொல்ல முடியாது. கலைந்த அழுக்கு யாருடையது என்ற வாதமும் கிளம்பும்.

ஆப் வழியாக புக் செய்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசப்ஷனில் "செக்-இன் ஆகிவிட்டது" என்று பதிவு போட்டதும், அந்த புக்கிங்கை ரத்து செய்யும் பட்டனே பல ஆப்களில் மறைந்துவிடும்.

3. அறைக்குள் பத்து நிமிடம்: இந்த வரிசையில்

முதலில் மூக்கு. கதவைத் திறந்த நொடியில் வரும் வாசனைதான் உண்மையான வாசனை. ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். ரூம் ஃபிரெஷ்னர் குப்பென்று அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். கொடைக்கானல், ஊட்டியில் ஈரவாடை சகஜம். ஆனால் சுவரின் கீழ்மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் அந்த அறை வேண்டாம். இரவு ஜன்னலை மூடிப் படுத்ததும் தும்மலும் இருமலும் தொடங்கிவிடும்.

அடுத்து கட்டில். துவைத்து மடித்து வந்த விரிப்பில் நேர்நேராக மடிப்புக் கோடு தெரியும். ஒருவர் படுத்தெழுந்த விரிப்பைக் கையால் நீவி விட்டிருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது. நடுவில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம் இருக்கும். தலையணை உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள். மஞ்சள் திட்டு பழைய தலையணை எல்லாவற்றிலும் இருக்கும். உறையில் முடி இருந்தால் அது மாற்றாத உறை. மலை ஊர்களில் கம்பளியை ஒவ்வொரு விருந்தினருக்கும் துவைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பளிக்கும் உங்களுக்கும் நடுவே விரிக்கத்தான் அந்தப் பழைய பெட்ஷீட்.

பிறகு மூட்டைப்பூச்சி. இதைப் பெரும்பாலானவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். விரிப்பின் மேல் பகலில் அது இருக்காது. தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கி, மெத்தை ஓரத்தில் தடித்த தையல் ஓடுகிறதே, அதை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து டார்ச் அடியுங்கள். வளர்ந்த பூச்சி 5 மி.மீ. அளவில், ஆப்பிள் விதை போலத் தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். பூச்சியே கண்ணில் படாமல், பேனா முனையால் குத்தியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது அதன் கழிவு. ஈரத்துணியால் தொட்டால் மை போல இழுபடும். உரிந்த தோல் மெல்லிய மஞ்சள் சருகாகக் கிடக்கும். கட்டிலின் தலைப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலும் பாருங்கள். இந்தச் சோதனை முடியும்வரை பையைக் கட்டிலிலோ கார்பெட்டிலோ வைக்க வேண்டாம். குளியலறையின் உலர்ந்த டைல்ஸ் தரைதான் பாதுகாப்பான இடம்.

குளியலறையில் பார்வைக்குச் சுத்தமாக இருப்பதைவிட வேலை செய்வது முக்கியம். ஃபிளஷை அழுத்துங்கள். குழாயைத் திறந்து பாதி பக்கெட் பிடித்து, அதைத் தரையில் ஊற்றி, தண்ணீர் வடிகிறதா தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் இரவில் கரப்பான் வரும் வழியும் அதுதான். கீசரை உள்ளே வந்ததுமே போட்டுவிட்டு, மற்ற சோதனையை முடித்துத் திரும்பிவந்து தொட்டுப் பாருங்கள். துண்டை முகர்ந்து பாருங்கள்; பார்த்தால் மட்டும் தெரியாது.

ஏசியும் அப்படியே. வந்ததும் போட்டுவிட்டால் சோதனை முடிவதற்குள் புளித்த வாடை வருகிறதா, கட்டில்மேல் தண்ணீர் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாகக் கதவின் உள்தாழ்ப்பாள். மற்றவை எல்லாம் சரியாக இருந்து இது மட்டும் உடைந்திருந்தாலும் அறையை மாற்றக் கேளுங்கள்.

4. படம் எடுக்கும் முறை

முதலில் வீடியோ. அறை எண் தெரியும்படி கதவில் தொடங்கி, வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் கட்டில், தலையணை, குளியலறை என்று போங்கள். பைகள் உள்ளே வராத வெற்று அறை என்பதும் அதில் பதிவாகும். பிறகு ஒவ்வொரு குறைக்கும் இரண்டு புகைப்படம்: ஒன்று கிட்டத்தில், ஒன்று அது அறையில் எந்த இடம் என்று தெரியும்படி தூரத்தில். கிட்டத்துப் படத்தை மட்டும் காட்டினால் "இது எங்கள் மெத்தையே இல்லை" என்று சொல்ல இடம் கொடுத்தது போலாகும்.

அசல் கோப்புகளை போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற உள்தகவல்கள் நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும்.

ஊழியரின் முகத்தை வீடியோ எடுக்காதீர்கள். துடைக்க வருகிற ரூம் பாய்க்கு அந்த லாட்ஜின் அழுக்கில் பங்கு மிகக் குறைவு. கேமராவைப் பார்த்ததும் பேச்சும் சண்டையாகிவிடும்.

5. ரிசப்ஷனில் பேசுவது

கோபத்தோடு இறங்கிப் போய் "என்னய்யா ரூம் இது" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்:

"அண்ணே, 204-ல பெட்ஷீட் மாத்தல. பாத்ரூம்ல தண்ணி நிக்குது."

"இப்பதான் சார் கிளீன் பண்ணாங்க."

"சரிங்கண்ணே, ஒரு நிமிஷம் மேல வந்து நீங்களே பாத்துருங்க."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அவர் மேலே வந்து தன் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வாதம் முடிந்தது. வர மறுத்தால் அதை நீங்கள் 7-ஆம் பகுதியில் சொல்லும் செய்தியில் எழுதப் போகிறீர்கள்.

கேட்பதிலும் வரிசை உண்டு. விரிப்பு, துண்டு, அடைப்பு மாதிரி சரிசெய்யக்கூடிய குறை என்றால் அரைமணி நேரம் கொடுங்கள். மூட்டைப்பூச்சி, பூஞ்சை, சாக்கடை வாடை, உடைந்த தாழ்ப்பாள் என்றால் சரிசெய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேராக வேறு அறை கேளுங்கள். மூட்டைப்பூச்சி என்றால் ஒட்டிய அறையோ, நேர் மேலோ கீழோ உள்ள அறையோ வேண்டாம்; அது சுவர் வழியே போகும். மாற்று அறையையும் 3-ஆம் பகுதியில் சொன்னபடி பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள். இரண்டும் நடக்காவிட்டால் பணம்.

6. ஆப் புக்கிங்கா? அங்கே நின்றபடியே போன் செய்யுங்கள்

ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இது. லாட்ஜில் "ஆன்லைன் புக்கிங் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்கள். ஆப் வாடிக்கையாளர் சேவையில் "ஹோட்டல் ஒப்புக்கொண்டால் பணம் தருகிறோம்" என்பார்கள். வெளியே வந்துவிட்டால் இந்தப் பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே இருக்கும்.

ரிசப்ஷன் மேசையிலேயே நின்று ஆப் சேவை எண்ணுக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் வைத்து, போனை மேலாளரிடம் நீட்டி, "இவங்க தங்கல, பணம் திருப்பித் தர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். நாம் எதிரில் நிற்கும்போது அதை மறுப்பது சிரமம். நாம் போன பிறகு மறுப்பது சுலபம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு வெளியேறுங்கள்.

7. எழுத்தில் ஒரு செய்தி. பிறகு தங்குவதா, போவதா

பேச்சு எப்படி முடிந்தாலும், அங்கிருந்தே லாட்ஜின் வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு செய்தி போகட்டும். உணர்ச்சி வேண்டாம். நேரம், குறை, அவர்கள் சொன்ன பதில், நீங்கள் கேட்பது, இவை போதும். இப்படி:

"இன்று மதியம் 1:10-க்கு அறை 204 காட்டப்பட்டது. மெத்தை ஓரத்தில் மூட்டைப்பூச்சி இருந்தது, படங்கள் இணைப்பில். 1:25-க்கு மேலாளரிடம் தெரிவித்தோம். வேறு அறை இல்லை என்றார். அறையைப் பயன்படுத்தாமல் வெளியேறுகிறோம். கட்டிய 2,400 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தரவும்."

இதற்குப் பதிலே வராவிட்டாலும் பரவாயில்லை. பிரச்சினையை அப்போதே சொன்னீர்கள், சரிசெய்ய வாய்ப்பும் கொடுத்தீர்கள் என்பதற்கு இதுதான் சாட்சி.

எல்லா நேரமும் வெளியேற முடியாது என்பதும் தெரியும். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையிலோ, மே மாதத்தில் ஊட்டியிலோ, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வேறு அறை தேடுவது நடக்கிற காரியமில்லை. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முழுப் பணத்தையும் மறந்துவிடுங்கள். வாடகையில் எவ்வளவு குறைப்பார்கள் என்பதைப் படுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "வேறு வழியில்லாததால் தங்குகிறோம்" என்ற வரியையும் சேருங்கள். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் ஷிப்ட் மாறியிருக்கும், புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது.

மூட்டைப்பூச்சி இருந்த அறையில் தங்கினீர்கள் என்றால், துணிகளை அங்கேயே பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் வைத்தே பிரியுங்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். கடித்த தடிப்பு சிலருக்கு நாள் கழித்துத்தான் தெரியும். அதை மட்டும் வைத்து எங்கே கடித்தது என்று நிரூபிக்க முடியாது. பூச்சியின் படம்தான் ஆதாரம்.

8. பில், பிறகு வங்கி

பணம் கட்டியிருந்தால் பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். பலகையில் இருக்கும் பெயரும் லாட்ஜை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருப்பது சகஜம். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் சட்டப்படியான பெயர் இலவசமாகத் தெரியும். பின்னால் வழக்கு வரை போனால் அந்தப் பெயர்தான் வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5%. அதற்கு மேல் 18%. பழைய 12% இன்னும் பில்லில் இருந்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணே இல்லாத பில்லில் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

பாதிப் பணத்தைக் கொடுத்து "கணக்கு முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்டால், அந்தத் தொகை போதும் என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். ஆப் கொடுக்கும் காயின், வவுச்சருக்கும் இதே கணக்குதான். அதை ஏற்று "பிரச்சினை தீர்ந்தது" என்று அழுத்திவிட்டால் மேற்கொண்டு பேச இடமில்லை.

கார்டில் கட்டியவர்கள், லாட்ஜும் ஆப்பும் கைவிரித்ததும் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். சொன்னபடி சேவை தரப்படவில்லை என்பது அதற்கு ஏற்ற காரணம். வவுச்சர், படங்கள், நீங்கள் அனுப்பிய செய்தி மூன்றையும் இணையுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. வீடு திரும்பிய வாரமே செய்யுங்கள். யுபிஐயில் உள்ள புகார் வசதி முக்கியமாகப் பணம் போய்ச் சேராத சிக்கல்களுக்குத்தான் பயன்படும். அறை அழுக்கு என்பதற்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

9. 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழில் பேசலாம். ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது; நிறுவனத்திடம் உங்கள் புகாரைக் கொண்டுபோய் பதில் வாங்குவார்கள். பெரிய ஆப் நிறுவனங்கள் இதற்கு மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்லும். தனி ஆள் நடத்தும் சின்ன லாட்ஜிடம் எடுபடுவது கம்மி.

இதற்கு முன்பே ஆப் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சாட்டில் வரும் ஆள் அந்த அதிகாரி இல்லை. அவர் பெயரும் முகவரியும் ஆப்பின் அடிப்பகுதியில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும்.

10. நோட்டீஸ், நுகர்வோர் ஆணையம்

இரண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். தொகை சின்னதென்றால் நோட்டீஸோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. நோட்டீஸ் என்றால் வக்கீல்தான் எழுத வேண்டும் என்றில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, லாட்ஜுக்கும் ஆப் நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கை காட்டுவார்.

கல்யாணத்துக்கு மொத்தமாக அறைகள் எடுத்து எல்லாம் நாறிப்போனது மாதிரி பெரிய தொகை என்றால் மேலே போவதில் அர்த்தம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்காரர் கொடைக்கானல் லாட்ஜ்மேல் வழக்குப் போட திண்டுக்கல் போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும்.

கேட்கும் தொகைக்குக் கணக்கு காட்டுங்கள்: அறை வாடகை, அன்று வேறு இடத்தில் தங்கிய பில், போக்குவரத்து, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை கேட்கலாம். மூவாயிரம் ரூபாய் அறைக்குப் பத்து லட்சம் கேட்டால், மீதிக் கோரிக்கையும் அதே கண்ணோடு பார்க்கப்படும்.

11. விமர்சனம் எழுதுவது கடைசியில்

பேச்சுவார்த்தை முடியும்வரை விமர்சனம் போடாதீர்கள். போட்ட பிறகு லாட்ஜ்காரருக்கு உங்களோடு பேச ஒரு காரணம் குறைந்துவிடும். அதே சமயம், "பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்றும் எழுதாதீர்கள். அது மிரட்டிப் பணம் பறிப்பது மாதிரி தெரியும். அந்த ஒரு வரியைக் காட்டியே உங்கள் புகாரைத் தள்ளிவிடுவார்கள்.

எழுதும்போது தேதி, அறையின் வகை, கண்ட குறை, சொன்னதும் என்ன செய்தார்கள் என்பவை இருந்தால் போதும். "திருட்டுப் பசங்க" மாதிரியான வார்த்தைகள் விமர்சனம் நீக்கப்படத்தான் உதவும். பணம் திரும்பி வந்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்து அதே லாட்ஜில் மாட்டுகிறவருக்கு, கேட்டால் கிடைக்கும் என்பது தெரியட்டும்.